தளத்தின் நிறத்தைச் செயலிக்குக் கொண்டுவருவது எப்படி

மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வலைத்தளம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து வாடிக்கையாளருக்கு ஓர் அன்ட்ரொயிட் செயலியும், கவுண்டரில் பில் போட ஒரு விண்டோஸ் புரோகிராமும் வேண்டும். மூன்றையும் பார்த்தால் ஒரே கடை என்று தெரிய வேண்டும். தளத்தின் நிற எண்ணைக் கொப்பி பண்ணிப் போடுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த எண் புரோகிராம் கோடிலிருந்து திரைக்குப் போய்ச் சேருமுன் அதன் வரிசை மாறலாம், கீழே கிடக்கும் இன்னொரு நிறத்தோடு கலக்கலாம், தீம் அதைத் திருத்திவிடலாம், போனே அதைக் கறுப்பாக்கிவிடலாம். நிறம் பொருந்தவில்லை என்றால் எண்ணைச் சந்தேகிப்பதற்கு முன் வழியில் யார் கைவைத்தார்கள் என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு நான்கு நிறங்களை வைத்துக்கொள்வோம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்:

முதன்மை, வாவி நீலப்பச்சை: 0, 102, 119
துணை, செங்காவி: 153, 68, 17
பக்கத்தின் பின்னணி, நூல் வெள்ளை: 250, 247, 240
எழுத்து: 34, 34, 34

முதன்மை நிறத்தைப் பதினாறடிமான முறையில் எழுதினால் #006677. இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்தால் 00, 66, 77. 66 என்பது 6×16+6, அதாவது 102. 77 என்பது 7×16+7, அதாவது 119.

எண்ணை எங்கிருந்து எடுப்பது

தளத்தைக் குரோமில் திறந்து, தலைப்பட்டையில் வலது சொடுக்கி இன்ஸ்பெக்ட் கொடுங்கள். வலப்பக்கத்தில் ஸ்டைல்ஸ், கம்ப்யூட்டட் என்று இரண்டு தாவல்கள் இருக்கும். ஸ்டைல்ஸில் தெரிவது எழுதப்பட்ட விதி. ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் நாலைந்து விதிகள் அங்கே இருக்கலாம். கம்ப்யூட்டட்டில் இருப்பதுதான் உலாவி கடைசியில் தீர்மானித்த நிறம். எண்ணை அங்கிருந்து எடுங்கள். பட்டனுக்கு நான்கு நிலைகள் உண்டு: சும்மா இருக்கும்போது, சுட்டி மேலே வரும்போது, அழுத்தும்போது, செயலற்றிருக்கும்போது. ஸ்டைல்ஸ் தாவலில் உள்ள ஹோவ் என்ற பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு நிலையையும் கட்டாயப்படுத்தித் திறந்து எண்ணைக் குறிக்கலாம்.

வட்ஸ்அப்பில் வந்த ஸ்க்ரீன்ஷொட்டிலிருந்து நிறம் எடுக்காதீர்கள். அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. 0, 102, 119 ஆக இருந்தது 2, 100, 121 ஆகி நிற்கலாம். அச்சகத்தில் விசிட்டிங் கார்ட் அடிக்கக் கொடுத்த பிடிஎஃப் அதைவிட மோசம். அது நான்கு மைக்கணக்கில் இருக்கும். திரைக்கணக்குக்கு மாற்றும்போது ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விடை தரும். திரையிலிருந்தே எடுக்க வேண்டிய நிலை வந்தால், எடுத்த கணினியிலேயே பிஎன்ஜியாகச் சேமியுங்கள். விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசொஃப்ட் கருவித்தொகுதி போட்டிருந்தால் விண்டோஸ் கீ, ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்த நிறம் எடுக்கும் கருவி வரும். பட்டையின் நடுவில் வெறுமையான இடத்தில் குத்துங்கள். எழுத்தின் ஓரத்தில் குத்தினால் வருவது எழுத்தும் பின்னணியும் கலந்த நிறம். ஜிம்ப் போன்ற படம் திருத்தும் மென்பொருள்களில் சுற்றியுள்ள புள்ளிகளைச் சராசரி பார்க்கும் வசதி இருக்கிறது, அதை ஒரு புள்ளிக்கு இறக்குங்கள்.

இரவு வெளிச்சம் என்று திரையை மஞ்சளாக்கும் வசதி ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு திரையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். எண் சரியாகவே இருக்கும், கண்ணுக்குத்தான் வேறாகத் தெரியும். போனில் திரை நிறம் பளிச்சென்றும் இயல்பாகவும் என்று இரண்டு தெரிவுகள் இருந்தால் சோதிக்கும்போது இயல்பாக இருப்பதில் வையுங்கள்.

வரிசை மாறும் இடங்கள்

அதிகமாகக் காலை வாருவது இதுதான். அறிகுறியைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

நீலப்பச்சைப் பட்டை கடுகு மஞ்சளாக வந்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன. 0, 102, 119 என்பது 119, 102, 0 ஆகிவிட்டது. விண்டோஸின் பழைய நிற எண், டெல்ஃபி, விஷுவல் பேசிக் 6, எக்செல் மக்ரோ எல்லாம் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைத்திருப்பவை. அவற்றில் நம்முடைய நிறம் 776600 என்று எழுதப்படும், பத்தடிமானத்தில் 7824896. பழைய பில் புரோகிராமின் கோடில் இப்படி ஓர் எண்ணைக் கண்டால் திகைக்க வேண்டாம், அது அதே நீலப்பச்சைதான். கையால் எழுதாமல் ஆர்ஜிபி என்ற செயற்கூற்றுக்கு 0, 102, 119 என்று மூன்றையும் கொடுத்தால் வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பட்டை காணாமலே போய்விட்டால் அடர்த்தி எண்ணை, அதாவது நிறம் கீழே உள்ளதை எவ்வளவு மறைக்கும் என்ற எண்ணைப் பாருங்கள். செயலியின் திரைகளை எழுத உதவும் ஃபிளட்டரிலும் கம்போஸிலும் நிறத்துக்கு எட்டு இலக்கம் வேண்டும்; முதல் இரண்டும் அடர்த்தி. 0x006677 என்று ஆறு இலக்கத்தோடு விட்டால் அடர்த்தி பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும், ஒன்றும் தெரியாது, பிழைச்செய்தியும் வராது. முன்னால் இரண்டு எஃப் போட்டால்தான் முழு அடர்த்தி. அன்ட்ரொயிட்டின் எக்ஸ்எம்எல் கோப்பில் மட்டும் #006677 என்று ஆறு இலக்கம் போதும். முழு அடர்த்தியென்று அதுவே எடுத்துக்கொள்ளும். இந்த வேறுபாட்டால்தான் எக்ஸ்எம்எல்லில் ஓடிய நிறம் கம்போஸுக்கு மாற்றியதும் மறைந்துபோகிறது.

வலைப்பக்கத்தில் அடர்த்தி கடைசியில் வரும், அன்ட்ரொயிட்டில் முதலில் வரும். பாதி அடர்த்தி நீலப்பச்சை தளத்தில் #00667780. அதை அப்படியே அன்ட்ரொயிட்டில் ஒட்டினால் அடர்த்தி 00, சிவப்பு 66, பச்சை 77, நீலம் 80 என்று வாசிக்கும். மறுபடியும் ஒன்றும் தெரியாது. அங்கே #80006677 என்று எழுத வேண்டும். கணினிப் புரோகிராம்களின் திரைகளை எழுதப் பயன்படும் கியூட்டியும் டபிள்யூபிஎஃப்பும்கூட அடர்த்தியை முன்னால் வைப்பவை.

ஐபோனில் 0 முதல் 1 வரையான பின்னம் வேண்டும். 102ஐ 255ஆல் வகுத்தால் 0.4, 119ஐ வகுத்தால் 0.467. ஒப்ஜெக்டிவ்-சி என்ற ஐபோன் செயலி மொழியில் 102/255 என்று முழு எண்ணாகவே எழுதினால் விடை பூச்சியம், எல்லாம் கறுப்பாகிவிடும். 255.0 என்று எழுதுங்கள். ஐபோன் செயலி எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடின் நிறப்பெட்டியில் நிறவெளியை (எண் எந்த நிறத்தைக் குறிக்கிறது என்ற அளவுகோலை) எஸ்ஆர்ஜிபி என்று வைக்க மறக்க வேண்டாம். டிஸ்ப்ளே பி3 என்று இருந்தால் அதே எண்கள் தளத்தைவிடச் செறிவாக அடிக்கும். வலைப்பக்கத்தில் வழக்கமாக எழுதும் நிறங்கள் எல்லாம் எஸ்ஆர்ஜிபி கணக்கில்தான் இருக்கின்றன.

பெயரை நம்பாதீர்கள்

தளத்தில் நிறம் கிரீன் என்ற பெயரால் எழுதப்பட்டிருந்தால் அது 0, 128, 0. அன்ட்ரொயிட்டிலும் ஜாவாவிலும் கிரீன் என்றால் 0, 255, 0, கண்ணைக் குத்தும் பச்சை. கிரே தளத்தில் 128, அன்ட்ரொயிட்டில் 136, ஃபிளட்டரின் மெட்டீரியல் (கூகுளின் வடிவமைப்பு முறை) பட்டியலில் 158. தளத்திலேயே டார்க்கிரே என்பது 169, அதாவது கிரேயைவிட வெளிறியது. பெயர் எங்கே கண்டாலும் எண்ணாக மாற்றிவிடுங்கள்.

பாவும் ஊடையும்

ஒளி ஊடுருவும் நிறம்தான் இதில் ஆழமான இடம். தறியில் ஒரே ஊடை நூலை வெள்ளைப் பாவில் ஓட்டினால் ஒரு நிறம், கறுப்புப் பாவில் ஓட்டினால் வேறொரு நிறம். திரையிலும் அதேதான். அடர்த்தி குறைந்த நிறத்துக்குத் தனியாக ஒரு நிறம் கிடையாது. கீழே என்ன கிடக்கிறதோ அதோடு சேர்ந்துதான் பிறக்கிறது.

கணக்கு இது: மேல் நிறத்தை அடர்த்தியால் பெருக்குங்கள், கீழ் நிறத்தை 1 கழித்தல் அடர்த்தியால் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டுங்கள். தளத்தில் தெரிவுசெய்த வரிசையின் பின்னணி, முதன்மை நிறம் 12 வீத அடர்த்தியில் என்று இருக்கட்டும். நூல் வெள்ளைப் பின்னணியின் மேல் சிவப்புக்கு 0×0.12 + 250×0.88 = 220. பச்சைக்கு 102×0.12 + 247×0.88 = 229.6. நீலத்துக்கு 119×0.12 + 240×0.88 = 225.48. ஆகவே திரையில் 220, 230, 225. செயலியின் பட்டியல் வெள்ளை அட்டையின் மேல் இருந்தால் அதே 12 வீதம் 224, 237, 239 ஆகிறது. முதலாவது மங்கிய பச்சைச் சாயல், இரண்டாவது குளிர்ந்த நீலச் சாயல். கோடில் இரண்டும் ஒரே வரி. பார்ப்பவருக்கு வேறு வேறு கடை.

தீர்வு இரண்டு. கீழ்ப்பின்னணியையும் தளத்தில் உள்ளபடியே வைக்கலாம். அல்லது கலந்து வந்த விடையை (220, 230, 225) முழு அடர்த்தி நிறமாகவே எழுதிவிடலாம். கீழே ஒரே பின்னணிதான் எப்போதும் வரும் என்றால் இரண்டாவது வழிதான் நல்லது. அது எங்கே போட்டாலும் மாறாது. கீழே புகைப்படமோ பல நிறமோ வரும் இடங்களில், உதாரணமாகப் படத்தின் மேல் போடும் கறுப்புப் படலத்துக்கு, அடர்த்தியையே வைத்திருங்கள்.

முழுப் பெட்டிக்கும் சேர்த்து ஒப்பாசிட்டி என்ற அடர்த்தி கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படியானால் பெட்டியின் பின்னணியோடு எழுத்தும் சேர்ந்து மங்கும். கம்ப்யூட்டட் தாவலில் நிறம் முழு அடர்த்தியாகவே தெரியும், ஒப்பாசிட்டி தனி வரியாகக் கீழே கிடக்கும். எண் சரி, திரை பிழை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது முதலில் தேட வேண்டிய வரி அது.

"பத்து வீதம் கருமையாக்கு"

பட்டனை அழுத்தும்போது நிறம் கொஞ்சம் கருமையாக வேண்டும். தளத்தின் நிற விதிகளை எழுத உதவும் சாஸ் மொழியில் டார்க்கன் என்று 10 வீதம் கொடுத்தால் ஒளிர்வளவிலிருந்து பத்துப் புள்ளி கழிக்கும். நம் நீலப்பச்சையின் ஒளிர்வளவு 23.3 வீதம்தான், பத்தைக் கழித்தால் 13.3, நிறம் 0, 58, 68. பிரைட்னஸ் வடிப்பானில் 0.9 கொடுத்தால் ஒவ்வொரு எண்ணும் 0.9ஆல் பெருக்கப்பட்டு 0, 92, 107. இரண்டையும் பத்து வீதம் என்றுதான் சொல்கிறோம். முதலாவது பாதியளவுக்கு இருண்டுவிட்டது. எனவே செயலியில் கருமையாக்கும் செயற்கூறு எதையும் கூப்பிடாதீர்கள். தளத்தில் அழுத்திய நிலையில் வரும் விடையை எடுத்துத் தனி நிறமாக எழுதிவையுங்கள்.

வேலையின் பெயரால் ஒரே இடத்தில்

இப்படிச் சேர்த்த எண்களை ஒரே கோப்பில் வைக்க வேண்டும். பெயர் நிறத்தின் பெயராக இல்லாமல் அது செய்யும் வேலையின் பெயராக இருக்கட்டும்: முதன்மை, முதன்மைமேல் எழுத்து, முதன்மை அழுத்தியது, பின்னணி, அட்டை, எழுத்து, மங்கல் எழுத்து, கோடு, தெரிவு, பிழை. "நீலப்பச்சை" என்று பெயர் வைத்தால், அடுத்த வருடம் முதலாளி அரக்கு நிறத்துக்கு மாறும்போது நீலப்பச்சை என்ற பெயரில் அரக்கு நிற்கும். பெயரும் எண்ணுமாக எழுதிவைக்கும் ஒரு ஜேசன் கோப்பு போதும். அதிலிருந்து தளத்துக்கான மாறிகளையும், அன்ட்ரொயிட்டின் எக்ஸ்எம்எல்லையும், விண்டோஸுக்கான வகுப்பையும் உருவாக்க ஐம்பது வரிப் பைத்தன் போதும். வரிசை மாற்றும் சிக்கலும் அந்த ஐம்பது வரிக்குள்ளேயே ஒருமுறை தீர்ந்துவிடும். திரைகளின் கோடில் எங்குமே நேரடி எண் இருக்கக் கூடாது. புரொஜெக்டில் # குறியையும் 0x என்பதையும் தேடிப் பார்த்தால் தப்பியவை அகப்படும்.

தீம் செய்யும் திருத்தம்

கம்போஸில் புதிய புரொஜெக்ட் திறந்தால் வரும் தீம் கோப்பில் டைனமிக்கலர் என்பது உண்மை என்று வைக்கப்பட்டிருக்கும். அன்ட்ரொயிட் 12 முதல் இது போனின் வோல்பேப்பரிலிருந்து நிறம் எடுக்கும். பழைய போனில் நீலப்பச்சையாகவும் புதிய போனில் ஊதாவாகவும் வருகிறது என்றால் காரணம் இதுதான். பொய் என்று மாற்றுங்கள்.

ஃபிளட்டரில் ஃப்ரம்சீட் என்று ஒரு விதை நிறம் கொடுத்தால் அந்த நிறம் அப்படியே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. விதையிலிருந்து ஒரு நிற வரிசையைக் கணித்து, அதில் ஒன்றை முதன்மையாக வைக்கும். கிட்டத்தட்ட இருக்கும், அதே எண்ணாக இருக்காது. ஃப்ரம்சீட்டுக்குள்ளேயே பிரைமரி, ஒன்பிரைமரி, சர்ஃபேஸ் ஆகியவற்றுக்கு உங்கள் எண்களைத் தனியே கொடுங்கள். பக்கத்தை உருட்டும்போது தலைப்பட்டை இலேசாக நிறம் மாறினால் அது மெட்டீரியல் 3இன் உயரச் சாயம், பட்டை உயர்ந்து நிற்பதாகக் காட்டப் பூசுவது. பட்டையில் சர்ஃபேஸ் டின்ட்டை ஒளிபுகும் நிறமாகவும், உருட்டும்போதுள்ள உயரத்தைப் பூச்சியமாகவும் வையுங்கள்.

விண்டோஸ் ஃபோர்ம்ஸில் பட்டனுக்குப் பின்னணி நிறம் கொடுத்தும் சாம்பலாகவே இருந்தால், விஷுவல் ஸ்டைல் பின்னணியைப் பயன்படுத்து என்ற பண்பைப் பொய்யாக்கி, ஃபிளாட் ஸ்டைலை ஃபிளாட் என்று வையுங்கள்.

கறுப்புத் திரைக்கு (டார்க் மோட்) நீங்களே ஒரு நிறத்தொகுதி கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. கொடுக்காவிட்டால் சில போன்கள் தங்கள் கணக்குப்படி நிறத்தைப் புரட்டிவிடும். அதே நீலப்பச்சையைக் கறுப்பில் போடவும் கூடாது: 18, 18, 18 என்ற பின்னணியில் 0, 102, 119இன் ஒளி வேறுபாடு (இரண்டு நிறமும் எவ்வளவு பிரிந்து தெரிகின்றன என்ற விகிதம், சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும்) 2.8தான். 102, 187, 204 என்று வெளிறச் செய்தால் அது 8.5 ஆகிறது, சாயலும் குடும்பம் மாறாமல் இருக்கும்.

பொருத்து தெரியும் இடம்

தனித்தனித் திரையில் இருக்கும் இரண்டு நிறத்துக்கிடையில் இரண்டு மூன்று எண் வித்தியாசம் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் கோடாகத் தெரியும். அதனால் நேரம் குறைவென்றால் ஒட்டும் இடங்களை முதலில் பாருங்கள். செயலியின் தலைப்பட்டையின் கீழே தளத்தின் பக்கம் வெப்வியூவில், அதாவது செயலிக்குள்ளேயே வலைப்பக்கம் காட்டும் பெட்டியில், திறக்கும் இடம் அப்படியானது. பக்கம் வருமுன் ஒரு கணம் வெள்ளை மின்னும். வெப்வியூவின் பின்னணியை 250, 247, 240 என்று முன்கூட்டியே வைத்தால் மின்னாது.

அடுத்தது லோகோ. நீலப்பச்சைச் சதுரத்தோடு ஜேபெக்காக வந்த லோகோவை நீலப்பச்சைப் பட்டையில் வைத்தால் சதுரத்தின் ஓரம் தெரியும், ஏனெனில் ஜேபெக் எண்களைச் சற்றே அசைத்துவிடும். பின்னணி இல்லாத பிஎன்ஜியோ எஸ்விஜியோ கேட்டு வாங்குங்கள். பிஎன்ஜிக்குள் வேறு நிறச்சுயவிவரம் பதிந்திருந்தாலும் இதே கோடு வரும். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமித்துவிடுங்கள்.

சேலைப் படங்களைச் சுற்றி முதன்மை நிறத்தை வைக்காதீர்கள். நீலப்பச்சை சூழ்ந்தால் அரக்குச் சேலை உள்ளதைவிடச் சிவந்து தெரியும். பார்சல் பிரித்தவர் நிறம் வேறு என்று திருப்பி அனுப்புவார். படத்தைச் சுற்றி வெள்ளையோ சாம்பலோ மட்டும்.

வெயிலில் வாசிக்க முடிகிறதா

பொருத்தமான நிறம் வாசிக்க முடியாததாக இருந்தால் பயனில்லை. வலை அணுகல் வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கும் பட்டன் ஓரங்களுக்கும் 3 என்று குறைந்தபட்ச ஒளி வேறுபாட்டை வைத்திருக்கின்றன. வெள்ளை எழுத்து நம் நீலப்பச்சையில் 6.6. நூல் வெள்ளையில் செங்காவி எழுத்து 6.2. இரண்டும் நல்லது. இடறுவது மங்கல் எழுத்துதான். வெள்ளையில் 119, 119, 119 என்ற சாம்பல் 4.48, மயிரிழையில் தோற்கிறது, 118 தேறுகிறது. அந்தத் தேறிய 118ஐயே நூல் வெள்ளையில் போட்டால் 4.2க்கு இறங்கிவிடும். பின்னணி மாறினால் மறுபடி கணக்குப் பாருங்கள். குரோமின் நிறப்பெட்டியே இந்த எண்ணைக் காட்டும்.

தமிழுக்கு 4.5 எல்லைக்கோட்டில் நிற்பது போதாது. சிறிய அளவில் சுழியும் கொம்பும் மெல்லிய கோடுகளாகி, ஓரம் மழுங்கி, குறித்த நிறத்தைவிட வெளிறியே தெரியும். ண, ன இரண்டும் பிரிந்து தெரிய வேண்டுமே. மங்கல் எழுத்துக்கும் 5.5க்கு மேல் வையுங்கள், 14 அளவுக்குக் கீழே இறங்கினால் ஒரு படி தடித்த எழுத்தை எடுங்கள். பிறகு விலை குறைந்த போன் ஒன்றை நண்பகலில் கல்லடிக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விலைப்பட்டியலை வாசித்துப் பாருங்கள். குளிரூட்டிய அறையில் அழகாக இருந்த மங்கல் சாம்பல் அங்கே இருக்கிறதா என்றே தெரியாது.

அளப்பது

கடைசியில் கண்ணால் அல்ல, எண்ணால் சரிபாருங்கள். போனை யூஎஸ்பியில் இணைத்து ஏடிபி (அன்ட்ரொயிட் போனைக் கணினியிலிருந்து இயக்கும் கருவி) தரும் ஸ்க்ரீன்கேப் மூலம் திரையைப் பிஎன்ஜியாக எடுத்துக் கணினியில் திறந்து, தலைப்பட்டை, பின்னணி, அட்டை, பட்டன், அழுத்திய பட்டன், தெரிவு வரிசை ஆறையும் ஒரு புள்ளி அளவில் குத்திப் பாருங்கள். ஜேசன் கோப்பில் உள்ள எண்ணே வர வேண்டும். கலந்த நிறங்களில் மட்டும் முழுமையாக்கும்போது 1 கூடிக் குறையலாம், அதற்கு மேல் விடாதீர்கள். ஐபோன் ஸ்க்ரீன்ஷொட் டிஸ்ப்ளே பி3 சுயவிவரத்தோடு வருவதால் முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் சரியான நிறத்தையே பிழையென்று திருத்தப்போவீர்கள். அன்ட்ரொயிட் 12க்கு முந்தைய போன் ஒன்று, பிந்தையது ஒன்று, இரண்டிலும் வெளிர் திரையும் கறுப்புத் திரையுமாக நான்கு முறை அளந்தால் தீம் செய்யும் குழப்பங்கள் அநேகமாக எல்லாம் அகப்பட்டுவிடும்.